ஒன்பதாவது மணி

பாலாடைக்கட்டியில் தொடங்கியது சண்டை.
அறுவடை விருந்தில், மூன்றாவது குவளை பியருக்குப் பிறகு,
மாமூக்கா என் வாளைப் பார்த்துச் சொன்னான்:
"நல்ல கத்தி. உன் வீட்டில் கட்டி நறுக்குவது இதில்தானா?"

சிரித்தவர்களில் நானும் ஒருவன்.
சிரித்து முடித்துத்தான் எழுந்தேன்.

ஷாத்திலியில், கோபுர வீடுகளுக்கு நடுவே,
இரண்டு ஆள் சுற்றிவரத்தான் சமதரை.
மீதி மண்ணெல்லாம் ஆர்குன் ஆற்றைப் பார்த்துச் சரிந்து கிடக்கும்.
முழங்கால் மடக்கி, ஏறக்குறைய உட்கார்ந்து,
சாப்பாட்டுத் தட்டளவு கைக்கேடயத்தை
முகத்துக்கு முன் நீட்டிச் சுற்றினோம்.
தூரத்திலிருந்து பார்த்தால்
முட்டையிட இடம் தேடும் இரண்டு கோழிகள்.

குத்தக் கூடாது.
குத்தினால் அது கொலை,
கொலைக்குக் கணக்கு வேறு,
பேரன்கள் வரை நீளும்.
வெட்டலாம், அதுவும் தோலளவு.
எலும்புவரை இறக்க எந்த விறகுவெட்டிக்கும் தெரியும்.
தோலைத் திறந்து
எலும்பின் கதவைத் தட்டாமல்
வாளைத் திரும்ப அழைத்து வர வேண்டும்.
என் மணிக்கட்டு அதைக் கற்கப்
பதினோரு குளிர்காலம் பிடித்தது.

அவன் கேடயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஆம், கேட்பதுதான்.
கண்ணை ஏமாற்றலாம், இரும்பு பொய் சொல்லாது.
நடுவில் பட்டால் டண். விளிம்பில் பட்டால் கிர்.
டண். டண். டண்.
கிர்.
கை தளர்கிறது,
இடப்பக்கம் ஒரு விரல் அகலம் காற்று.
போனேன், வந்தேன்.

அவன் தங்கை க்வராம்ஸே வீசிய முக்காடு
எங்கள் நடுவே விழுந்தபோது
என் வாள் வீடு திரும்பியிருந்தது.
முக்காடு விழுந்தபின் எவரும் அசையக் கூடாது.
அசையவில்லை.
மாமூக்காவின் புருவத்திலிருந்து இரத்தம் மட்டும்
யாரையும் கேட்காமல் இறங்கியது.

தழும்பை அளக்க வந்த அன்று முதல் பனி.
பெர்தியா பையைத் திறந்து
பார்லி மணிகளை உள்ளங்கையில் கொட்டினார்,
சூம்பியதையும் கொழுத்ததையும் ஊதித் தள்ளினார்.
ஒன்று நெடுக்கே, ஒன்று குறுக்கே,
மறுபடி நெடுக்கே.
மணிக்கு ஒரு பசு.

என்னிடம் இருந்தவை ஐந்து.
ஆறாவது மணியில் என் மைத்துனன் இருமத் தொடங்கினான்.
ஏழு.
எட்டு.
ஒன்பதாவதை விரல் நுனியில் ஒட்டி
பெர்தியா குனிந்தார்.

அப்போது மாமூக்கா புருவத்தைச் சுருக்கினான்.
கொஞ்சம்தான், வெயிலைப் பார்ப்பவன் போல.
மணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
"இடமில்லை," என்றார் பெர்தியா, "எட்டு."

கூட்டம் மூச்சு விட்டது. மைத்துனன் இருமலை விட்டான்.
எனக்கு மட்டும் ஏதோ தொண்டையில் நின்றது.
எனக்கு ஒரு பசுவை மிச்சம் பிடித்துத் தந்தானா,
என் வெட்டிலிருந்து ஒரு மணியைக் களவாடினானா?
சுருக்கிய முகத்தில் எதைப் படிக்க?
என் ஆயுளில் அதைவிட நல்ல வெட்டு
முன்பு வந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை.
இரவுகளில் அதை மறுபடி மறுபடி
இருட்டில் வெட்டிப் பார்த்திருக்கிறேன்.
அது எட்டு இல்லை.

"முகத்தைத் தளர்த்து," என்றேன்.

மைத்துனன் என் காலை மிதித்தான். பலமாக.

"மறுபடி வையுங்கள்."

வைத்தார். ஒன்பது.
மாமூக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
சிரித்ததில் நெற்றி விரிந்தது, தழும்பு நீண்டது,
பெர்தியா பைக்குள் இன்னொரு மணியைத் தேட,
பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது பசுக்களும் பாலம் கடந்து போய்விட்டன.
நான்குக்கு நான் இன்னும் கடன்காரன்.
மாமூக்கா வீட்டில் இந்த வருடம் பாலாடைக்கட்டி ஏராளம்.
நறுக்க என் வாளைக் கேட்டு
நேற்று ஆள் அனுப்பியிருந்தான்.